சவுரியம்மாளும் பதினொரு தர்மாமீட்டர்களும்

சவுரியம்மாளுக்குக் கடிதம் வந்தால் முதலில் தபால் முத்திரையைத்தான் பார்ப்பாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

அவள் கணவன் அருளப்பன், ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை என்று சொல்லிவிட்டுப் போனவன். இரண்டு வருஷம் மாதம் தவறாமல் கடிதம் போட்டான். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஜோலார்பேட்டை என்று எழுதியிருப்பான். 1949-இல் ஒரு நாள் அவள் மழையில் நனைந்து வந்த உறையை வெயிலில் காயப்போடும்போது முத்திரையைப் பார்த்தாள். அரக்கோணம் என்று இருந்தது. பெட்டியிலிருந்த பழைய உறைகளை எடுத்துத் தரையில் பரப்பினாள். அத்தனையும் அரக்கோணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிப் போய்ப் பார்த்தாள். அங்கே அவனுக்கு வேறு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். சவுரியம்மாள் சண்டை போடவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் சொன்னபடி எடுத்துக்கொண்டதில்லை. பால்காரி ஊற்றும் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பாள். பஸ் கிளம்பும் நேரத்தை இரண்டு பேரிடம் கேட்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தைச் சொன்னால், பேசி வைத்துக்கொண்டார்களோ என்று மூன்றாவது ஆளைக் கேட்பாள்.

அப்போது அவள் வேலூர் பக்கம் பாகாயத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவிக்கொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்தவள். அங்கே புதிதாக வரும் எந்தக் கருவியையும் சோதித்துப் பார்க்காமல் உபயோகிக்க மாட்டார்கள். தர்மாமீட்டர் வந்தால் முதலில் நொறுக்கிய பனிக்கட்டியில் நிறுத்துவார்கள். பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் தொங்கவிடுவார்கள். எவ்வளவு தப்பாகக் காட்டுகிறதோ அதை எழுதி வைத்துக்கொள்வார்கள். பாட்டில் கழுவிக்கொண்டே சவுரியம்மாள் இதைப் பல தடவை பார்த்தாள். அவளுக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. கருவியைச் சந்தேகப்படுவதை அங்கே யாரும் குற்றமாக நினைக்கவில்லை.

1952-இல் ஆம்பூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆய்வுக்கூடம் கட்டினார்கள். அட்டெண்டர் வேலைக்கு அவள் மனு போட்டாள். ஆண் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பெண் அட்டெண்டரா என்று பள்ளிக் கமிட்டியில் ஆட்சேபித்தார்கள். தலைமையாசிரியர் அப்துல் ஹமீத் விட்டுக்கொடுக்கவில்லை. "கண்ணாடியை உடைக்காம கழுவத் தெரிஞ்ச ஆளு எனக்கு வேணும். அது ஆம்பளையா பொம்பளையான்னு எனக்கு இன்னா கவலை?" என்று கேட்டு அவளை வேலைக்கு எடுத்தார். ஊரில் அவள் சோதித்துப் பார்க்காமல் நம்பிய ஒரே மனிதர் அவர்தான்.

புது ஆய்வுக்கூடத்துக்கு ஜெர்மனியில் செய்த பன்னிரண்டு தர்மாமீட்டர்கள் வந்திருந்தன. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. சவுரியம்மாள் முதல் வேலையாக சோடா கடையிலிருந்து மரத்தூள் போட்ட கோணியில் பனிக்கட்டி வாங்கி வந்து ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஆவியிலும் பார்த்தாள். எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினாள். 'ஏழு: பனியில் அரை ஜாஸ்தி, ஆவியில் ஒன்றேகால் ஜாஸ்தி. ஒன்பது: பனியில் சரி, ஆவியில் ஒன்றரை கம்மி.' பன்னிரண்டில் இரண்டுகூட ஒரே அளவில் தப்புக் காட்டவில்லை. வருஷா வருஷம் ஜனவரியில் திரும்பவும் சோதித்தாள். பழைய தப்புகள் அப்படியே இருந்தன. ஆள் முகத்தைப் போல அவளுக்கு ஒவ்வொரு தர்மாமீட்டரின் தப்பும் பழகிவிட்டது.

அந்தக் காலத்து விஞ்ஞான ஆசிரியர் கிருஷ்ணராஜ் இதைப் பார்த்துச் சிரிப்பார். "இன்னாத்துக்கும்மா இந்த வேலை? பனிக்கட்டி பூஜ்யம், கொதிக்கிற தண்ணி நூறு. புஸ்தகத்துல போட்டிருக்குது. பசங்க அதை எழுதினா மார்க்கு" என்பார். அவர் இருந்தவரை பையன்களின் ரெக்கார்டு நோட்டுகளில் எல்லாத் தண்ணீரும் நூறு டிகிரியிலேயே கொதித்தது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, 1959 ஜூனில் கங்காதரன் வந்தார். குடியாத்தத்து நெசவாளர் குடும்பம். சென்னையில் பி.எஸ்சி. படித்தவர். வயது இருபத்தாறு. பாலாற்றங்கரைத் தோல் கம்பெனி ஒன்றில் மேஸ்திரியாக இருந்த சர்தார் பாஷாவின் வீட்டு மாடியில் அறை எடுத்துக்கொண்டார்.

வந்த இரண்டாம் நாளே அவர் ஆய்வுக்கூட அலமாரியின் சாவியைக் கேட்டார். சவுரியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. கிருஷ்ணராஜ் ஏழு வருஷத்தில் ஒரு நாளும் சாவி கேட்டதில்லை. கொடுத்துவிட்டு, மறுநாள் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு சாமானாகப் பார்த்தாள். எல்லாம் எண்ணிக்கையில் சரியாக இருந்தது. ஆனால் தர்மாமீட்டர்களில் ஒட்டியிருந்த சீட்டுகளின் ஓரத்தில் பசை வெள்ளையாகத் தெரிந்தது. ஏழு வருஷப் பசை பழுப்பாகத்தான் இருக்க வேண்டும். புது வாத்தியார் எதற்காகச் சீட்டைப் பிரித்து ஒட்டினார் என்று அவள் யோசித்தாள். கேட்கவில்லை. அவர் ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போதெல்லாம் துடைக்கிற துணியுடன் அவளும் உள்ளேயே இருந்தாள்.

கங்காதரனுக்கும் சந்தேகம் இருந்தது. ஜூலையில் பத்தாம் வகுப்புக்குத் தண்ணீரின் கொதிநிலையைப் பார்க்கும் சோதனை வைத்தார். இருபத்தெட்டுப் பையன்களின் நோட்டிலும் நூறு என்றே இருந்தது. அவர் தாமாக நாலைந்து தர்மாமீட்டர்களை எடுத்துப் பார்த்தார். ஒன்று தொண்ணூற்றாறு காட்டியது. ஒன்று நூற்றிரண்டு. ஒன்றுகூட நூறு இல்லை. அப்படியானால் பையன்கள் எதைப் பார்த்து எழுதினார்கள்? மேஜை இழுப்பறையைத் துழாவியபோது சவுரியம்மாளின் நோட்டு கிடைத்தது. பக்கம் பக்கமாக எண்கள். விடைகளை எழுதிக் கொடுக்கிற ஆள் யாரென்று தமக்குத் தெரிந்துவிட்டதாக அவர் நினைத்தார்.

"இது இன்னாம்மா?" என்று நோட்டை அவள் முன்னால் போட்டார்.

"நோட்டு சார்."

"பசங்களுக்கு ரீடிங் சொல்லிக் குடுக்கிற நோட்டா?"

சவுரியம்மாள் துணியை மடித்து வைத்தாள். "பசங்க நூறுன்னு எழுதியிருக்காங்க. இதுல எங்கியாவது நூறுன்னு இருக்குதா பாருங்க சார். இது தர்மாமீட்டருங்க எவ்ளோ தப்பு காட்டுதுன்னு எழுதி வச்ச நோட்டு."

அவர் புரட்டினார். பக்கத்தின் மேலே 'ஆவி: 99' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. "இங்கியே தப்பு. ஆவின்னா நூறுதானே? தொண்ணூத்தொம்பதுன்னு போட்டிருக்கீங்க."

அவள் சுவரில் தொங்கிய பாரமானியைக் காட்டினாள். "அது மெட்ராஸ்ல சார். ஆம்பூரு மேட்டுல இருக்குது. பாதரசம் எழுபத்தி மூணு சென்டிமீட்டர்தான் நிக்குது. இங்க தண்ணி தொண்ணூத்தொம்பதுலியே கொதிச்சிடும்."

கங்காதரனின் முகம் சிவந்தது. காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று அவர் பரீட்சையில் எழுதியிருக்கிறார். ஆனால் தாம் நிற்கிற ஊரின் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதை ஒரு அட்டெண்டர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

"சரி. நாளைக்கு ஐஸ் கொண்டாங்க. உங்க நோட்டு சொல்றது நெசமான்னு பாத்துடலாம்."

மறுநாள் பள்ளி விட்ட பிறகு இருவரும் பனிக்கட்டியை நொறுக்கிப் புனலில் நிரப்பினார்கள். அவள் ஏழாம் எண்ணை நிறுத்தினாள். அரை டிகிரி கூடுதலாகக் காட்ட வேண்டும். இரண்டு டிகிரி குறைவாகக் காட்டியது. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்கள். அப்படியேதான் நின்றது. ஒன்பதாம் எண்ணை வைத்தாள். அதுவும் ஒத்துவரவில்லை. ஒன்று, மூன்று, பன்னிரண்டு. எதுவும் நோட்டோடு சேரவில்லை. சவுரியம்மாளின் கை பனிக்கட்டியிலேயே மரத்துப்போயிற்று.

"இன்னாம்மா சொல்றீங்க இப்போ?" என்று கங்காதரன் கேட்டார்.

அவள் ஏழாம் எண்ணைத் துடைத்துத் திரும்பவும் பனியில் நிறுத்தினாள்.

அவர் தலைமையாசிரியருக்கு எழுத்தில் புகார் கொடுத்தார். ஒன்று, அந்த நோட்டு பொய்க்கணக்கு. இல்லையென்றால் நல்ல கருவிகளை எடுத்துவிட்டு மட்டமானவற்றை வைத்திருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் அட்டெண்டர்தான் பொறுப்பு என்று எழுதினார். நான்கு நாள் கழித்து சவுரியம்மாளுக்கு மெமோ வந்தது. 'ஆய்வுக்கூடக் கருவிகள் மாறியிருப்பது பற்றி ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.' கீழே அப்துல் ஹமீதின் கையெழுத்து.

புகார் வந்தால் மெமோ கொடுப்பது சட்டம், அவர் என்ன செய்வார் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மெமோவைக் கொடுத்தபோது அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதையும் அவள் கவனித்திருந்தாள். ஆனால் அதைப் பற்றி யோசிக்க அவள் விரும்பவில்லை.

அடுத்த சில நாட்கள் அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். ஏழு வருஷமாகத் தப்பாகவா பார்த்துக்கொண்டிருந்தேன்? கண் கெட்டுவிட்டதா? ஜனவரியில் எழுதியதும், அதற்கு முந்தின ஜனவரியில் எழுதியதும், அதற்கு முந்தினதும் ஒன்றாக இருக்கிறதே. பார்த்து எழுதினேனா, பழைய பக்கத்தைப் பார்த்துக் காப்பியடித்தேனா? வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட அவளுக்கு அந்த எண்கள்தான் கண் முன் நின்றன.

வெள்ளிக்கிழமை காலை அலமாரியின் அடித்தட்டைத் துடைக்கும்போது நாலாம் எண் அவள் கையில் தட்டுப்பட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அது ஒரு தடித்த தக்கையில் சிக்கிக்கொண்டது. சோப்புப் போட்டும் எண்ணெய் விட்டும் வெளியே வரவில்லை. இழுத்தால் உடையும் என்று தக்கையோடேயே விட்டு வைத்திருந்தாள். தக்கையின் மேலே தெரிந்த சீட்டின் பசை பழுப்பாக இருந்தது. எந்தத் திருடனும் இதைத் தக்கையோடு தூக்கிப் போய் வேறொன்றைத் தக்கையோடு வைத்திருக்க மாட்டான்.

அவள் கங்காதரனைத் தேடிப் போனாள். "சார், இன்னொரு தபா வந்து பாருங்க. நோட்டை நீங்களே புடிச்சிக்குங்க. நான் தொட மாட்டேன்."

நோட்டில் இருந்தது: 'நாலு: பனியில் முக்கால் கம்மி, ஆவியில் கால் கம்மி.' பனியில் பாதரசம் பூஜ்யத்துக்கு முக்கால் டிகிரி கீழே நின்றது. ஆவியில் தொண்ணூற்றெட்டே முக்கால். கங்காதரன் குனிந்து கண்ணைச் சுருக்கி இரண்டு தரம் பார்த்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ நோட்டு நெசம்."

"நெசம் சார்."

"மத்த பதினொண்ணும்?"

"மாத்தியிருக்காங்க. சீட்டை மட்டும் பிச்சி வேற கண்ணாடியில ஒட்டியிருக்காங்க."

"யாரு?"

அவள் அவரையே பார்த்தாள். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "என்னையா சொல்றீங்க?"

"வந்த ரெண்டாம் நாளே சாவி கேட்டீங்க. தங்கியிருக்கிறது தோல் கம்பெனி மேஸ்திரி வீட்டுல. ஃபாரின் தர்மாமீட்டரு இப்போ கடையில கெடைக்காது. இம்போர்ட்டு நிறுத்திட்டாங்க. கம்பெனிக்காரங்க தேடிக்கினு திரியறாங்க."

"ஏழு வருஷமா சாவி வச்சிருந்தது நீங்கதானேம்மா?"

"ஆமாம் சார். அதனாலதான் எனக்கு மெமோ வந்திருக்குது."

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அலமாரியைப் பூட்டி, கதவின் மேல் குறுக்காக ஒரு காகிதத்தை ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்கக் கூடாது. அலமாரியின் இன்னொரு சாவி தலைமையாசிரியர் அறையில் இருந்தது. அதைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கங்காதரன் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது சர்தார் பாஷா முற்றத்தில் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், காலங்காத்தாலியே கோவம்?"

"கம்பெனியில ஒரே பேஜார் சார். தோலு ஊற வைக்கிற பட்டைத் தண்ணி இருக்குதே, அதோட சூட்டைப் பாக்கறதுக்கு மொதலாளி புதுசா தர்மாமீட்டருங்க வரவழைச்சாரு. ஃபாரின் சரக்கு. ஒண்ணை வச்சா நாப்பதுன்னுது. அதே தண்ணியில இன்னொண்ணை வச்சா நாப்பத்தொண்ணரைங்குது. தோலு கெட்டா என் தலைதானே உருளும்?"

"எப்போ வந்திச்சி பாய் அது?"

"மே மாசம்."

கங்காதரன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. யார் கொடுத்தது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சர்தார் பாஷா எச்சரிக்கையாகிவிடுவாரோ என்று பயந்தார். மறுநாள் மாலை சவுரியம்மாளைப் பனிக்கட்டிக் கோணியோடு வரச்சொன்னார். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. நோட்டைத் தம் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டார். தோல் கம்பெனி வாசலுக்கு வந்ததும் அவள் முகத்தையும் காவல்காரன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காவல்காரனுக்கு அவளைத் தெரியவில்லை. உள்ளே சர்தார் பாஷாவும், "இந்தம்மா யாரு சார்?" என்று கேட்டார். அப்போதுதான் கங்காதரனுக்குப் பாதி பாரம் இறங்கியது.

சவுரியம்மாளும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். தன்னைச் சோதிக்கத்தான் அழைத்து வந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஆனால் அவர்தான் திருடன் என்றால் தன்னை இங்கே கூட்டி வர மாட்டாரே என்றும் தோன்றியது.

பட்டைச் சாறும் சுண்ணாம்பும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. சர்தார் பாஷா தர்மாமீட்டர்களைக் கொண்டு வந்து வைத்தார். வந்தது பதினொன்று, நாலு உடைந்துபோயிற்று, ஏழு பாக்கி என்றார். எதிலும் எண் இல்லை. ஆனால் எல்லாவற்றின் தலைப்பக்கத்திலும் விரல் அகலத்துக்குப் பழுப்பான பசைத் தடம் இருந்தது.

முதல் கண்ணாடியைப் பனியில் நிறுத்தினாள். பாதரசம் இறங்கி, பூஜ்யத்துக்கு அரை டிகிரி மேலே நின்றது. சவுரியம்மாள் நோட்டைக் கேட்கவே இல்லை. "இது ஏழு" என்றாள். "ஆவியில நூறேகால் காட்டும் பாருங்க."

கம்பெனி அடுப்பிலேயே தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். நூறேகால் காட்டியது.

அடுத்தது ஒன்பது. அதற்கடுத்தது இரண்டு. கங்காதரன் நோட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஏழு கண்ணாடிகளுக்கும் நோட்டில் இடம் இருந்தது. சர்தார் பாஷா வாய் பிளந்து நின்றார். "யாருமா நீ? கண்ணாடியைப் பாத்து பேர் சொல்லிக் கூப்புடறே!"

"இதை யாரு பாய் கொண்ணாந்து குடுத்தது?" என்று கங்காதரன் கேட்டார்.

"உங்க ஹெட்மாஸ்டர் சாயபுதான்."

"பொய்யி" என்றாள் சவுரியம்மாள்.

"நான் எதுக்கும்மா பொய் சொல்றேன்? மே மாசம் துண்டுல சுத்திக்கினு வந்து மொதலாளி கையில குடுத்தாரு. பதிலுக்கு உங்க லேப்பு கூரைக்கு நாங்க ஓடு போட்டுக் குடுத்தோம். ஓட்டு வண்டி கூடவே வந்து எறக்கினது நான்தான்."

சவுரியம்மாள் பனியில் நின்ற கண்ணாடியை எடுத்துத் துடைத்து வைத்தாள். கோடை விடுமுறைக்குப் போகும்போது கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது புது ஓடு போட்டிருந்தது. யார் போட்டது என்று அவள் கேட்கவே இல்லை. பால்காரியைச் சந்தேகப்பட்டாள், பஸ்காரனைச் சந்தேகப்பட்டாள். தன் தலைக்கு மேலிருந்த கூரையை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டாள்.

மறுநாள் மெமோவுக்குப் பதில் தரும் கடைசி நாள். தலைமையாசிரியர் அறையில் கங்காதரனும் கூட இருந்தார். சவுரியம்மாள் தன் விளக்கத்தை மேஜை மேல் வைத்தாள். நாலே வரி. ஏழு எண்கள், அவை இப்போது இருக்கும் இடம், அவ்வளவுதான். அப்துல் ஹமீத் அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மழை பெஞ்சா பசங்க தலையில ஒழுகிச்சி" என்றார். "கமிட்டிக்கு நாலு தடவ எழுதினேன். யாரும் கண்டுக்கல. கம்பெனிக்காரர் ஓடு போட்டுத் தர்றேன்னாரு. தர்மாமீட்டரு கேட்டாரு. சர்க்கார் மானியத்துல வாங்கினது, வெளிய குடுக்க முடியாது. அதனால மலிவா வேற வாங்கி, சீட்டை மாத்தி ஒட்டிட்டேன். பசங்க எப்படியும் நூறுன்னுதான் எழுதறாங்க, எந்தக் கண்ணாடியா இருந்தா இன்னான்னு நெனச்சிட்டேன்."

"மெமோ அய்யா?" என்று கேட்டாள் சவுரியம்மாள்.

அவர் கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"மெமோவுல கையெழுத்துப் போடும்போது உங்களுக்குத் தெரியுமே."

"வாத்தியார் எழுத்துல குடுத்துட்டாரு. ஒண்ணும் செய்யாம இருந்தா எம்மேல திரும்பும்..."

"அதனால எம்மேல இருக்கட்டும்னு விட்டுட்டீங்க."

அப்துல் ஹமீத் தலையைக் குனிந்துகொண்டார். அரக்கோணத்து வீட்டு வாசலில் நின்றபோதுகூட அவளுக்கு அழுகை வந்ததில்லை. இப்போது வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கங்காதரனுக்குக் கோபம். வெளியே வந்ததும், "நான் இன்னைக்கே வேலூர் கல்வி ஆபீசுக்கு எழுதறேன்" என்றார்.

"வேணாம் சார். நாம எழுதினா நாம சொன்ன கதையாப் போயிடும். அவர் கையாலியே எழுதட்டும்."

அவள் கேட்டது ஒன்றுதான். ஸ்டாக் ரிஜிஸ்டரில் நடந்ததை அவரே எழுத வேண்டும். அப்துல் ஹமீத் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் காலை ரிஜிஸ்டரை அவளிடம் அனுப்பி வைத்தார். 'பதினொரு தர்மாமீட்டர்கள் என்னால் அனுமதியின்றி வெளியே தரப்பட்டன. அட்டெண்டர் சவுரியம்மாளுக்கு இதில் தொடர்பு இல்லை. மெமோ ரத்து செய்யப்படுகிறது.' அழகான கையெழுத்தில் தேதியோடு இருந்தது. அவள் அந்தத் தேதியைக்கூட நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

நவம்பரில் ஆய்வாளர் வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தார். விசாரணை நடந்தது. அப்துல் ஹமீத் எதையும் மறைக்கவில்லை. தலைமைப் பதவி போயிற்று. அதே பள்ளியில் கணக்கு ஆசிரியராக ஓய்வு பெறும் வரை இருந்தார். சவுரியம்மாள் தினமும் அவருக்கு வணக்கம் சொன்னாள். அவரும் சொன்னார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு இல்லை. கூரைக்காகத்தானே செய்தார் என்று சிலர் அவளிடம் அவருக்காகப் பேசினார்கள். "கூரைக்காகச் செஞ்சதை மன்னிச்சிட்டேன். மெமோவுல போட்ட கையெழுத்தை மன்னிக்க முடியல" என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கங்காதரன் ஒரு நாள் பீக்கர் கழுவும் தொட்டியருகே வந்து நின்று, "உங்களைத் தப்பா நெனச்சிட்டேம்மா" என்றார்.

"நானும்தான் சார். அந்தப் பீக்கரை இப்படி எடுங்க" என்றாள்.

தோல் கம்பெனியிலிருந்த ஏழில் மூன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்சத்தை அவர்கள் வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. ஆனால் எது எவ்வளவு தப்புக் காட்டும் என்ற பட்டியலை சவுரியம்மாள் எழுதிக் கொடுத்தாள். சர்தார் பாஷா வருஷத்துக்கு இரண்டு தடவை அவற்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்து அவளிடம் சோதித்து வாங்கிப் போனார்.

பள்ளியில் வழக்கம் மாறியது. எந்தச் சோதனையானாலும் பையன்கள் முதலில் தங்கள் தர்மாமீட்டரைப் பனியில் வைத்து, அதன் தப்பை ரெக்கார்டின் முதல் வரியில் எழுத வேண்டும் என்று கங்காதரன் சொல்லிவிட்டார். அமிலமா காரமா என்று பார்க்கிற பி.எச். காகிதத்துக்கும் அதே சட்டம். அளவு தெரிந்த வெண்காரக் கரைசலில் ஒரு துண்டை நனைத்து, நிறம் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கிணற்றுத் தண்ணீரில் நனைக்கலாம். ஈரம் பட்டுக் கெட்டுப்போன காகிதங்கள் இப்படி நிறையப் பிடிபட்டன. ரெக்கார்டு நோட்டுகளில் தொண்ணூற்றெட்டரை, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றொன்பதேகால் என்று விதவிதமாக எண்கள் வந்தன. நூறு என்று எழுதியவன் சவுரியம்மாளிடம் மாட்டிக்கொள்வான்.

1964-இல் அதே தோல் கம்பெனி பள்ளிக்கு ஒரு பி.எச். மீட்டர் கொடுத்தது. மரப்பெட்டியில் முள்ளும் திருகுகளும், நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் வைத்த ஒரு குழாயும் இருந்தன. கம்பெனி மேனேஜர் மாலையோடு வந்திருந்தார். பெட்டிக்கு மாலை போட்டுப் படம் எடுப்பதாக ஏற்பாடு.

"மாலை அப்புறம் போடலாம் சார்" என்றாள் சவுரியம்மாள். இரண்டு கரைசல்களை முதல் நாளே தயார் செய்து வைத்திருந்தாள். வெண்காரத்தில் குமிழை நனைத்தார்கள். முள் எட்டரையைக் காட்டியது. ஒன்பதுக்கு மேல் வர வேண்டும். கங்காதரன் திருகைத் திருப்பி ஒன்பதே சொச்சத்துக்குக் கொண்டு வந்தார். பிறகு குமிழைக் கழுவி அமிலக் கரைசலில் நனைத்தார்கள். நாலு காட்ட வேண்டும். நாலரை காட்டியது. திரும்பவும் கழுவிப் பார்த்தார்கள். நாலரை.

மேனேஜரின் முகம் வாடியது. "புது மெஷினும்மா. பாம்பேலேர்ந்து நேரா வந்தது."

சவுரியம்மாள் பெட்டியைச் சுற்றி வந்தாள். கம்பிகளைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். பிறகு பின்பக்க அறைக்குப் போய், கரைசல் கலக்கத் தண்ணீர் எடுத்த ஜாடியைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பு. காய்ச்சி வடித்த தண்ணீர் பக்கத்து ஜாடியில் இருந்தது. இரண்டு ஜாடியும் ஒரே மாதிரி. முதல் நாள் அவசரத்தில் அமிலக் கரைசலுக்கு மட்டும் ஜாடியை மாற்றி எடுத்திருக்கிறாள்.

அவள் அத்தனை பேர் முன்னாலும் வந்து நின்றாள். "மெஷின்ல தப்பில்ல சார். எம்மேலதான் தப்பு. தண்ணியை மாத்திப் போட்டுட்டேன். அரை மணி நேரம் குடுங்க."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். படக்காரர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். அவள் நிறுத்து, கரைத்து, வடிகட்டி, புதுக் கரைசலைக் கொண்டு வந்து வைத்தாள். முள் நடுங்கி நடுங்கி நாலில் நின்றது. கங்காதரன் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். மாலை போட்டார்கள். சவுரியம்மாள் படத்தில் நிற்கவில்லை. நோட்டை எடுத்து அன்றைய தேதியைப் போட்டு, ஜாடி மாறிய விஷயத்தையும் தன் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை பத்தாம் வகுப்புப் பையன்கள் பள்ளிக் கிணற்றுத் தண்ணீரை மீட்டரில் வைத்தார்கள். ஏழே முக்கால் என்று காட்டியது. எழுதப் போனவனை சவுரியம்மாள் தடுத்து, குமிழைக் கழுவி இன்னும் இரண்டு தடவை பார்க்கச் சொன்னாள். மூன்று தடவையும் ஏழே முக்கால்தான். "சரி, எழுதிக்க" என்றாள்.